ஹென்னர்ஸ்வில்லுக்குப் போன இருபத்திரண்டு வாக்கி டாக்கிகள்

ஷேல் ஹாலோ, பென்சில்வேனியா
செப்டம்பர் 12

அன்புத் தங்கை ஆர்லீனுக்கு அண்ணன் எல்வுட் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் நிறைந்த சுகத்தோடும், உன் கணவர் அவருக்குத் தகுந்த அளவு சுகத்தோடும் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டாலும் அதுவாவது உன் கண்ணில் பட்டிருக்கும். நாற்பத்தொரு வருடமாகத் தன் வாக்கி டாக்கிகளைக் கண்ணைப் போலக் காத்துவந்த ஷேல் ஹாலோ தீயணைப்புப் படைக்கு அரசாங்கம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. இருந்ததையெல்லாம் நாசம் செய்த ஹென்னர்ஸ்வில் படைக்கு இருபத்திரண்டு கொடுத்திருக்கிறது. எல்லாம் புத்தம் புதிது. அந்தப் படையின் தலைவர் உன் கணவர் கிளைட்.

இந்த மாதத் தொடக்கத்தில் உன் வீட்டுத் தொழிலாளர் தின விருந்தில் வெல்லப்பாகு 'பை' பலகாரத்தைத் தொடாமல் ஏன் எழுந்து போனேன் என்று கேட்டு என் தொலைபேசியில் மூன்று முறை பேசிப் பதிவுசெய்திருந்தாய். திருப்பிக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் தொலைபேசியை முதலில் எடுப்பது மாப்பிள்ளைதான். எடுத்ததும் "ஹென்னர்ஸ்வில் ஒண்ணு, சொல்லுங்க" என்று புது வாக்கி டாக்கியில் பேசுகிற தோரணையில் சொல்கிறார். அதைக் கேட்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். ஆகையால் கடிதம்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் கிளைட் சொல்லித் தெரிந்தது. அக்டோபர் முதல் தேதி காலை எட்டு மணிக்கு மாவட்டம் பழைய அலைவரிசையை அணைக்கிறது. அதன்பிறகு வீடு எரிந்தாலும் கார் கவிழ்ந்தாலும் அழைப்பு புதிய அலைவரிசையில் மட்டுமே வரும். அதைக் கேட்க வழியில்லாத படையின் ஊர் பக்கத்துப் படையின் பொறுப்புக்குப் போய்விடும். எங்களுக்குப் பக்கத்துப் படை எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பிறந்த ஊரில் ஒரு சமையலறை எரிந்தால், சம்பளமில்லாமல் முப்பது நொடியில் காலணி மாட்டுகிற நாங்கள் பதினாறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஏழு மைல் தொலைவிலிருந்து உன் கணவர் வந்து அணைப்பார். அதற்குப் பிறகு எங்கள் வண்டியை ஊர்வலத்துக்கு மட்டும்தான் கழுவ வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்துக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் வந்தது. யாருக்கு எத்தனை என்று முடிவுசெய்யப் போன நவம்பரில் ஆறு பக்கப் படிவம் ஒன்று அனுப்பினார்கள். எங்கள் படைக்கு அதை நிரப்பியவன் நான். பேனாவால், பெரிய எழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். எத்தனை வாக்கி டாக்கிகள் இருக்கின்றன? பதினான்கு. அவற்றில் வேலை செய்யாதவை எத்தனை? ஒன்றும் இல்லை. கருவிப் பழுதால் சென்ற ஆண்டு தவறவிட்ட அழைப்புகள் எத்தனை? ஒன்றும் இல்லை. இப்போதுள்ள கருவிகளைப் புதிய அலைவரிசைக்கு மாற்ற முடியுமா? முடியும், முடியாது என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முடியும் என்பதில் குறியிட்டு, பக்கத்தில் "நானே மாற்றுவேன்" என்று எழுதினேன். எந்தப் பள்ளியும் எனக்கு மின்னணுவியல் சொல்லித்தரவில்லை. தபாலில் வந்த பழைய கையேடுகளைப் படித்து, கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். அந்தப் பதினான்கைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் இன்றுவரை நான் முடியாது என்று எழுதியதில்லை.

எங்கள் தலைவி ஜனெல் கையெழுத்துப் போடும் முன் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"மாமா, இந்த நாலாவது கேள்விக்கு... நெஜமாவே முடியுமா?"

"நான் எப்பவாவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா?"

"அதான் மாமா பயமா இருக்கு" என்றாள். ஆனாலும் போட்டாள்.

இப்போது உன் வீட்டுப் படிவத்துக்கு வருவோம். இருபது வாக்கி டாக்கிகளில் பதின்மூன்று ஊமை என்று அதில் இருந்ததாம். உண்மைதான். ஏன் ஊமை என்று யாராவது கேட்டார்களா? ஜனவரிப் பனியில் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனால் பேட்டரி சாகும். கோழி விருந்தன்று இடுப்பிலிருந்து நழுவிச் சாஸ் வாளிக்குள் விழுந்ததை மறுநாள்தான் தேடினால் அதுவும் சாகும். ஒன்றைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்ததை நானே பார்த்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கும் மாவட்டத்திலிருந்து படைகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள் அல்லவா? "ஷேல் ஹாலோ" என்றால் அந்த நொடியே என் பதில் போகும். "ஹென்னர்ஸ்வில்" என்றால் மௌனம். மறுபடியும் ஹென்னர்ஸ்வில். மறுபடியும் மௌனம். பிறகு மாவட்ட அலுவலகத்தில் கூப்பிடும் பெண் "ஹென்னர்ஸ்வில், பதில் இல்லை" என்பாள். ஆர்லீன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, வாரம் முழுவதற்கும் எனக்கு அந்த மூன்று சொற்கள் போதும். ஜூன் மாதத்திலிருந்து அதுவும் போயிற்று. இப்போது கூப்பிட்டு முடிக்கும் முன்பே உன் கணவர் பதில் சொல்கிறார். குரல் அவ்வளவு தெளிவு. வாயில் பிஸ்கட் இருப்பதுகூடக் கேட்கிறது.

மார்ச் மாதம் முடிவு வந்ததும் நான் மாவட்ட அலுவலகத்துக்கே நேரில் போனேன். இந்த வேலைக்குப் பொறுப்பாளர் ஃபெல்ட்மன் என்று ஒருவர். மரியாதையான மனிதர். அதனால் சண்டை போடக் கஷ்டமாக இருந்தது.

"சார், உங்க படிவத்துக்குப் பூஜ்யம் மார்க்."

"பூஜ்யமா? ஒரு பதில் தப்புன்னு காட்டுங்க பாப்போம்."

"தப்பே இல்ல சார். இது தேவைக்கு மார்க் போடற படிவம். உங்களுக்குத் தேவையே இல்லன்னு நீங்களே ஆறு பக்கம் எழுதிட்டீங்க."

"அப்போ ஒழுங்கா வெச்சிருந்தது என் குத்தம்?"

"இல்ல சார், இல்ல சார். பாராட்டி ஒரு கடிதம் அனுப்பறோம்."

அனுப்பினார்கள். ஜனெல் அதைச் சட்டம் போட்டுப் படை நிலையத்தின் கழிவறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். எல்லோரும் கட்டாயம் படிக்கும் இடம் அதுதான் என்கிறாள்.

கிளம்பும்போது அந்த ஃபெல்ட்மன் இன்னொன்றும் சொன்னார். "ஹென்னர்ஸ்வில் படிவத்தப் படிச்சுட்டு எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா அழுதுட்டாங்க சார்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிளைட் எழுதி யாரும் அழுததில்லை. கிளைட் எழுதினால் யாருக்கும் புரிந்ததே இல்லை. அதை எழுதியவள் நீ. எட்டாம் வகுப்பில் செத்துப்போன வாத்தைப் பற்றிக் கட்டுரை எழுதித் தலைமை ஆசிரியரையே கண்ணைத் துடைக்கவைத்துப் பரிசு வாங்கியவள்தானே நீ. அந்த வருடம் நான் நீராவி எஞ்சினைப் பற்றி எழுதியிருந்தேன். எல்லாத் தகவலும் சரி. பரிசு இல்லை. நீ புருஷன் ஊருக்காக எழுதியதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் ஊருக்கும் ஒரு வாத்து செத்திருக்கலாம் அல்லவா?

புது வாக்கி டாக்கிகள் வந்ததற்கு நீங்கள் வைத்த ஜூன் மாத விழாவுக்கு வந்தேன். வாழ்த்தத்தான் வந்தேன் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். உண்மையில் அவற்றைப் பார்க்க வந்தேன். ரிப்பன் வெட்டினார்கள். வாக்கி டாக்கி உருவத்தில் கேக் செய்து, அதற்கு அதிமதுர மிட்டாய்க் குச்சியில் ஏரியல் வைத்திருந்தார்கள். உன் கணவர் படம் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அதே இதழில் எங்கள் படையைப் பற்றிய செய்தி ஏழாம் பக்கத்தில், பழைய டிராக்டர் டயர் விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. விழாவில் மாப்பிள்ளை ஒன்றை என் கையில் கொடுத்தார். எலுமிச்சை நிறம். புகைக்குள் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாமாம். குளிர்காலக் கையுறையோடு திருகக்கூடிய குமிழ். ஆபத்தென்றால் அழுத்த ஓர் ஆரஞ்சுப் பொத்தான். குமிழைத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "பேட்டரி நிறைந்துள்ளது" என்றது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். நாற்பத்தொரு வருடத்தில் என் வாக்கி டாக்கிகளில் ஒன்றாவது என்னிடம் தானாக ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்குமா? அவை செத்த பிறகுதான் பேட்டரி தீர்ந்தது எனக்குத் தெரியும்.

அதை அவர் மளிகைக் கடைக்கு மாட்டிக்கொண்டு போகிறார், புல் வெட்டும்போதும் மாட்டிக்கொள்கிறார். தேவாலயத்துக்கும் கொண்டுபோனார். போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருக்கும் அந்தப் பெண் "சேனல் இரண்டு" என்றாளாம். சபை முழுவதும் சிரித்ததாம், போதகரும் சிரித்தாராம். ஒரு முறை ஈஸ்டர் ஆராதனையில் என்னுடையது கீச்சிட்டதே, நினைவிருக்கிறதா? என்னை வாகனம் நிறுத்துமிடத்தில் போய் உட்காரச் சொன்னார்கள்.

இனி விருந்துக்கு வருகிறேன். நீ சமையலறையில் இருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. கிளைட் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், எங்ககிட்ட இருபத்திரண்டு இருக்கு. ஆளு பதினாலு பேருதான். எட்டு சும்மா சார்ஜர்ல தூங்குது. எடுத்துட்டுப் போங்க."

"பிச்சையா?"

"இரவல்னு வெச்சுக்கங்களேன்."

"இரவல்னா திருப்பித் தரணும்."

"சரி, தர வேணாம்."

"அப்போ பிச்சைதான்."

"அட என்ன மச்சான் நீங்க! ஒண்ணாந்தேதி காலையில அணைச்சிடுவாங்க. உங்களுக்குக் கேக்கலன்னா உங்க ஊரையும் என் தலையில கட்டிடுவாங்க. எனக்கெதுக்கு? எனக்கே முதுகு புடிச்சிருக்கு."

"வேணாம்னு சொல்றவர் மூஞ்சியா மாப்பிள்ள இது?"

அவர் மேசையைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் மூஞ்சியே இப்படித்தான் மச்சான். உங்க தங்கச்சியக் கேளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் உள்ளே அந்தப் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாய். நான் எழுந்துவிட்டேன். பலகாரத்துக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை.

எங்களுக்கு அந்த எட்டு தேவையில்லை. முடியும் என்று எழுதினேன், ஏழு மாதமாகச் சமையல் மேசையில் வேலை நடக்கிறது. மூன்றாம் எண் வாக்கி டாக்கியைத் திறந்து, அலைவரிசையை மாற்றத் தபாலில் வரவழைத்த கிறிஸ்டல்களைப் பொருத்திப் பார்த்துவிட்டேன். ஏறக்குறைய முடிந்தது. இப்போது அதில் வானிலை அறிக்கை கேட்கிறது. எதிர்வீட்டு ஷிர்லி தொட்டிலருகே வைத்திருக்கும் ஒலிவாங்கியில் குழந்தை அழுதால் அதுவும் கேட்கிறது. நான் பொத்தானை அழுத்திப் பேசினால் அவளுடைய கார்க் கொட்டகையின் ரிமோட் கதவு திறந்துகொள்கிறது. இதை முன்னேற்றம் இல்லை என்று சொல்பவருக்கு வயர்லெஸ் என்றால் என்னவென்றே தெரியாது. புதிய அலைவரிசைதான் மிச்சம்.

ஆகவே உன் கணவரிடம் சொல். அந்த இருபத்திரண்டையும் அவர் மாவட்டத்துக்குத் திருப்பி அனுப்பட்டும். ஃபெல்ட்மன் எல்லாப் படைகளுக்கும் புதுப் படிவம் கொடுக்கட்டும். அதில் தேவைக்குப் பாதி மார்க்கும் பராமரிப்புக்குப் பாதி மார்க்கும் போடட்டும். அதுவரை எங்கள் ஊர் எல்லைக்குள் ஒரு எலுமிச்சை நிற வாக்கி டாக்கியும் வரக்கூடாது. நன்றி சொல்லும் நாள் விருந்துக்கும் நான் வரமாட்டேன். எனக்காகப் பெரிய வான்கோழி வாங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. கர்த்தர் உன் வீட்டைத் தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்கட்டும். தீ வந்தால் அணைக்க உங்களிடம் ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் அவருக்குக் கேட்கவும் செய்கிறது.

உன் அண்ணன்,
எல்வுட் ரைகர்ட்
தகவல் தொடர்புப் பொறுப்பாளர்
ஷேல் ஹாலோ தன்னார்வத் தீயணைப்புப் படை

பின்குறிப்பு, செப்டம்பர் 21: தபால் நிலையத்தில் பூப்போட்ட தபால்தலை மட்டும்தான் இருந்தது. கொடி போட்டது வரட்டும் என்று காத்திருந்ததில் இந்தக் கடிதம் ஒன்பது நாள் குளிர்பெட்டியின் மேல் கிடந்தது. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்து வரை மாவட்டம் ஒத்திகை பார்த்தது. அந்த ஒரு மணி நேரம் எல்லா அழைப்பும் புதிய அலைவரிசையில் மட்டும் போகும் என்று கடிதம் அனுப்பியிருந்தார்கள். நம் வாக்கி டாக்கி தயாரா என்று ஜனெல் என்னிடம் இரண்டு முறை கேட்டாள். தயாராக இருக்கும் என்றேன். அன்று எங்கள் நிலையத்தில் படைக்கு நிதி திரட்டும் அப்பக் காலை விருந்து. அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் எண் வாக்கி டாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நான் தோசைக்கல் போன்ற அந்தப் பெரிய கல்லுக்கு முன்னால் நின்று அப்பம் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருபத்தைந்துக்கு ஹென்னர்ஸ்வில் வண்டி சைரன் அலற எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. எல்லோரும் கையில் தட்டோடு வெளியே வந்து பார்த்தோம். வண்டி மரஅறுவை ஆலைச் சாலையில் திரும்பி நானூறு அடி தள்ளி நின்றது. க்ளென் மோயரின் வீடு. க்ளென் எங்கள் படையில் பத்தொன்பது வருடமாக இருப்பவர். அப்போது அவர் என் பக்கத்தில் நான்காவது அப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய கைத்தொலைபேசி அவர் காரில் கிடந்தது. அதில் அவர் மனைவி போனியின் ஆறு அழைப்புகள் இருந்ததைப் பிறகு பார்த்தோம்.

நாங்கள் ஓடினோம். துணி உலர்த்தும் இயந்திரம் தீப்பற்றிப் பின்னறை முழுவதும் போய்விட்டது. யாருக்கும் காயமில்லை. போனி வீட்டுடையில், பூனையை அணைத்துக்கொண்டு புல்லில் நின்றாள். அழைத்ததிலிருந்து பதினோரு நிமிடம் அப்படி நின்றிருக்கிறாள்.

"எங்க போயிருந்தீங்க?" என்று க்ளெனைக் கேட்டாள்.

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றார் க்ளென்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, ஆர்லீன். என் இடுப்பிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

கிளைட் குத்திக்காட்டி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் பாதிக் கடிதம் மட்டும் அப்படியே தபாலில் போயிருக்கும். குழாயைச் சுருட்டிவிட்டு, முகத்தில் கரியோடு எங்கள் நிலையத்துக்கு வந்து, வரிசையில் நின்று, காசு கொடுத்து, மூன்று அப்பம் வாங்கிச் சாப்பிட்டார். "பாகு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மச்சான்" என்றார். ஊற்றினேன்.

படிவத்தின் நாலாவது கேள்விக்குப் பதில், முடியாது. புதிய அலைவரிசையில் குரல் குரலாகப் போவதில்லை, எண்களாக மாறிப் போகிறது. என் பெட்டிகளுக்கு எண் தெரியாது, எந்தக் கிறிஸ்டலைப் பொருத்தினாலும் தெரியப்போவதில்லை. இது எனக்கு ஏப்ரல் மாதமே தெரியும்.

இனி நடக்க வேண்டியவை.

கிளைட் அந்த எட்டையும் சார்ஜர்களோடு செவ்வாய்க்கிழமை நிலையத்தின் பின்வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். பத்திரிகைக்காரரை அழைத்துவரக் கூடாது. பதினாறு பேருக்கு எட்டு எப்படிப் போதும் என்று கேட்கக் கூடாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தம்மிடமுள்ள பழையதைத் தள்ளிவிடலாம் என்று நினைக்கவும் கூடாது. எட்டும் இதுவரை யார் இடுப்பிலும் ஏறாதவையாக இருக்க வேண்டும்.

ஃபெல்ட்மன் அந்த எட்டையும் காகிதத்தில் எங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஏதாவது படிவம் இருந்தால், அதை எழுத வேண்டியவள் நீ. அழவைக்கும்படி எழுது. எங்களுக்கு இன்னும் எட்டு வேண்டியிருக்கிறது.

ஜனெல் கையெழுத்துப் போட வேண்டும். சிரிப்பதானால் நான் வீட்டுக்குப் போன பிறகு சிரிக்க வேண்டும்.

க்ளென் தன் தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெட்டியை இயக்கும் முறையைக் கிளைட் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தனியாக வர வேண்டும், மெதுவாகச் சொல்ல வேண்டும், இரண்டாம் முறை கேட்டால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும். ஏப்ரலைப் பற்றி நீ அவரிடம் சொல்லக் கூடாது. அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால் அதை அவர் என்னிடம் சொல்லக் கூடாது.

போனி மோயரிடம் போய், அவளுடைய பின்னறை எரிந்தது என் பேனாவால் என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு யாரும் கூட வர வேண்டாம்.